அந்த 36 எப்படி வந்தது என்று கேளுங்கள்

83-ல் 47 போனால் எவ்வளவு? நம்மில் முக்கால்வாசிப் பேர் ‘3-ல் 7 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு’ என்றுதான் ஆரம்பிப்போம். ஒரு குழந்தை அப்படிச் செய்யாமல், 47-லிருந்து 50-க்கு 3, அங்கிருந்து 80-க்கு 30, அப்புறம் இன்னொரு 3, ஆக 36 என்று சொல்லிவிடும். இன்னொன்று இரண்டு எண்ணிலும் 3 கூட்டிக்கொண்டு, 86-ல் 50 போனால் 36 என்று ஒரே தாவாகத் தாவிவிடும். மூன்றும் சரியான வழிதான். ஆனால் கடன் வாங்கிய அடையாளம் நோட்டில் இல்லை என்று அந்த இரண்டு பேருக்கும் மார்க்கைக் குறைக்கிறோமே, அது அநியாயம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பிரேசிலில் ரெசிஃபி நகரத்தில், தெருவில் பொருள் விற்கும் பிள்ளைகள் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று டெரெசின்யா கராஹர் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பார்த்து, 1985-ல் எழுதினார்கள். ஐந்தே பிள்ளைகள், சின்ன ஆய்வுதான். விற்கிற இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. அதில் 12 வயதுப் பிள்ளை ஒருவரிடம், ஒன்று 35 என்றால் நாலுக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்த்தால் 135, ஒன்று 35 ஆயிற்றே, அப்போ 140 என்று வாயாலேயே விடை வந்துவிட்டது. அதே பிள்ளைக்கு அதே 35 × 4 தாளில் வந்தபோது, நாலைந்து இருபது, மீதி 2, இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்நான்கு இருபது என்று போட்டு 200 என்று எழுதிவிட்டது. 140 சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 200 தப்பு என்று ஏன் உறைக்கவில்லை? தாளில் போடுவது தன் கணக்கு இல்லை, யாரோ சொன்ன சடங்கு. அதை வரிசை மாறாமல் செய்தால் போதும் என்று நினைத்துவிடுகிறது.

அவரவர் வழி என்றதும், இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள் என்று முத்திரை குத்தக் கிளம்பிவிடாதீர்கள். அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஒரே குழந்தை ஒரு கணக்குக்கு விரல் விடும், அடுத்ததற்குக் கோடு போட்டுப் பார்க்கும், மூன்றாவதை மனக்கணக்காக முடித்துவிடும். விரல் விடாதே என்று அதட்டினால் பயம்தான் மிஞ்சும். எண்களை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டிய இடத்தைப் பயம் வந்து அடைத்துக்கொள்ளும்.

சரி, கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லித்தரவே வேண்டாமா? தாராளமாகச் சொல்லித்தரலாம். ஆறு ஏழு இலக்க எண்கள் வரும்போது சொந்த வழி நீண்டுகொண்டே போகும், அப்போது இந்த முறையின் அருமை தானாகத் தெரியும். அதற்கு முன்னால் அவசரமில்லை.

ஒரு குழந்தை 83 – 47 = 44 என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். 8-ல் 4 போக 4, 7-ல் 3 போக 4 என்று, ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுக்காமல், ‘எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். சொல்லி முடித்ததும், 44-ஐயும் 47-ஐயும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 83 வர வேண்டிய இடத்தில் 91 வரும். எங்கே பிசகியது என்று அதுவே தேட ஆரம்பிக்கும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.