வயிற்றில் வளையம், வைத்தியர் தூரத்தில்

வணக்கம் நேயர்களே.

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் வளையம் பூட்டும் சத்திரசிகிச்சை ஒன்று இருக்கிறது. காஸ்ரிக் பான்ட் என்று சொல்வார்கள். அதைச் செய்துகொண்டவர்கள் பிறகு எப்படிச் சாப்பிடுவது, எதைக் கவனிப்பது, எப்போது வைத்தியசாலைக்கு ஓடுவது என்பவற்றைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். வன்னியில் இதை ஆர் போட்டிருக்கினம் என்று நீங்கள் கேட்கக்கூடும். கொழும்புக்கோ சென்னைக்கோ போய்ப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கம். மற்றப் பக்கம், ஆடி ஆவணியில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்து இறங்கும் எங்கள் சொந்தங்கள். வளையம் போட்டவர்கள் பலர் அதை வீட்டாருக்குக்கூடச் சொல்வதில்லை. மடுத் திருவிழாவுக்கு வந்த பெரியம்மா மத்தியானச் சாப்பாட்டின் நடுவில் எழும்பிப்போய், வளவு மூலையில் நுரை நுரையாகத் துப்பிக்கொண்டு நின்றால், வெயில் ஒத்துவரவில்லை என்று நினைத்துச் சோடா உடைத்துக் கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வளையம் சிலிக்கனால் ஆனது. வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கமராவின் உதவியுடன், இரைப்பையின் மேல்முனையைச் சுற்றிப் பூட்டிவிடுவார்கள். இரைப்பையில் எந்தப் பகுதியையும் வெட்டி எடுப்பதில்லை. வளையத்துக்கு மேலே 15 முதல் 30 மில்லிலீற்றர் கொள்ளும் சின்னப் பை ஒன்று உண்டாகிறது. ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். வளையத்தின் உட்பக்கம் சைக்கிள் ரியூப் மாதிரி உப்பக்கூடியது. காற்றுக்குப் பதிலாக அதற்குள் சேலைன் விடுவார்கள். வளையத்திலிருந்து வரும் மெல்லிய குழாய், வயிற்றுத் தசையின்மேல், தோலுக்குக் கீழே தைத்திருக்கும் பொத்தான் போன்ற ஒரு பகுதியில் முடிகிறது. அதுதான் போர்ட். வெளியே தெரியாது, தடவிப் பார்த்தால் கட்டியாகத் தட்டுப்படும். அதற்குள் ஊசி போட்டுச் சேலைனைக் கூட்டினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்த பிறகு பத்து வருடத்துக்குக் கிட்ட இதற்கு நல்ல மவுசு இருந்தது. இப்போது உலகம் முழுவதும் குறைந்துவிட்டது. இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுக்கும் 'ஸ்லீவ்' முறைதான் இன்றைக்கு அதிகம். வளையம் போட்டவர்களில் கணிசமானவர்களுக்குப் பின்னாளில் இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்பட்டதும், நிறை எதிர்பார்த்த அளவு குறையாததும் இதற்குக் காரணம்.

வன்னியில் இருப்பவர்களுக்கு என்னுடைய எச்சரிக்கை தூரத்தைப் பற்றியது. சத்திரசிகிச்சை ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். சேலைன் கூட்டிக் குறைத்து அளவு பார்க்கிற வேலைக்குத்தான் காலம் எடுக்கும். முதல் நாலு முதல் ஆறு கிழமைக்கு வளையம் அநேகமாகத் தளர்வாகவே இருக்கும். அதன் பிறகு அரை மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றர் என்று படிப்படியாகக் கூட்டுவார்கள். வளையத்தின் வகையைப் பொறுத்து முழுக் கொள்ளளவு 4 முதல் 14 மில்லிலீற்றர் வரை மாறும். முதல் வருடத்தில் நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒரு தடவை போகவேண்டி வரலாம். ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ இருக்கிற ஒருவர், காசு கட்டுவதற்கு முதல் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எனக்கு ஆர் சேலைன் கூட்டுவது? ஒவ்வொரு தடவைக்கும் எவ்வளவு செலவு? இரவு இரண்டு மணிக்கு வளையம் இறுகி எச்சில்கூட இறங்காவிட்டால் ஆர் தளர்த்திவிடுவது? மூன்றாவது கேள்விக்கு "சென்னைக்கு வாங்கோ" என்று பதில் வந்தால், வளையம் உங்களுக்குச் சரிவராது. வேறு முறைகளைப் பற்றி வைத்தியருடன் பேசுங்கள். அவற்றிலும் ஆபத்து உண்டு, ஆனால் மாதாமாதம் சேலைன் ஊசிக்காக அலையத் தேவையில்லை.

சேலைன் கூட்டியதும் கிளினிக்கிலேயே நிமிர்ந்து இருந்து ஒரு கப் தண்ணீரை மெல்லமெல்லக் குடித்துக் காட்ட வேண்டும். தண்ணீர் இறங்கினால்தான் வெளிக்கிடலாம். அப்படியிருந்தும் அன்றைக்கே ஏ-9 வீதியில் பஸ் ஏறாதீர்கள். இறுக்கம் சிலருக்கு அடுத்த நாள்தான் தெரியவரும். ஓர் இரவு அந்த ஊரிலேயே தங்குவது புத்தி. அடுத்த ஒன்றிரண்டு நாள் நீராகாரம், பிறகு ஒன்றிரண்டு நாள் குழைந்த உணவு, அதன் பிறகு வழமையான சாப்பாடு.

இனிச் சாப்பாடு.

சத்திரசிகிச்சை முடிந்து முதல் இரண்டு கிழமை நீராகாரம் மட்டும்: வடித்த சூப், மோர், சீனி போடாத பால், கட்டியில்லாத கஞ்சி. அடுத்த இரண்டு கிழமை மசித்த உணவு. பருப்பு, பூசணி, முள் எடுத்துச் சொதியில் மசித்த மீன் என்பன நல்லவை. ஐந்தாம் ஆறாம் கிழமையில் மெதுவான உணவு, பிறகுதான் திடமான சாப்பாடு. ஒவ்வொரு வைத்தியசாலையும் இந்தக் கணக்கை ஒரு கிழமை முன்பின்னாகச் சொல்லும், உங்கள் வைத்தியர் சொன்னதையே பின்பற்றுங்கள். பசிக்கிறது என்று முந்திப் பாயக்கூடாது. வளையம் தன் இடத்தில் படிந்து ஆறுவதற்கு முன்னர் திண்ணென்ற சாப்பாட்டை உள்ளே தள்ளிச் சத்தி எடுத்தால், வளையம் இடம் பெயர்ந்துவிடலாம்.

திடமான சாப்பாட்டுக்கு வந்த பிறகு அளவு இதுதான். ஒரு வேளைக்குச் சின்னக் கோப்பையில் அரைக் கப் முதல் ஒரு கப் வரை. ஒரு வாய் என்பது உங்கள் சுண்டுவிரல் நகத்தளவு. இருபது தடவை மென்று, கூழாக்கி விழுங்கிவிட்டு, அது இறங்கும் வரை பொறுத்து அடுத்த வாய். இருபது முதல் முப்பது நிமிடத்தில் கையைக் கழுவிவிட வேண்டும். எங்களுக்கு இதில் ஒரு சிக்கல். கையால் குழைத்துக் கவளமாக எடுத்துப் பழகியவர்களுக்கு வாயின் அளவு தன்பாட்டில் பெருத்துவிடும். ஆரம்பத்தில் சில மாதத்துக்குத் தேக்கரண்டியால் சாப்பிடுங்கள், குழந்தைகளின் கரண்டி என்றால் இன்னும் நல்லது. பல் இல்லாதவர்களும் ஆடும் பல்செட் வைத்திருப்பவர்களும் சத்திரசிகிச்சைக்கு முன்பே பல் வைத்தியரிடம் போக வேண்டும். மெல்லத் தெரியாத வாய்க்கு வளையம் ஆபத்து.

எங்கள் சமையலில் எது சிக்கும்? பாண்தான் முதல் எதிரி. எச்சிலில் ஊறிப் பசையாகி, உருண்டையாகத் திரண்டு நிற்கும். அடுத்தது பிட்டு. உதிரியாக இருக்கிறதே என்று நம்பக்கூடாது, உள்ளே போய்த் தண்ணீரை உறிஞ்சி இறுகும். நிறையச் சொதி விட்டுக் கரைத்து இரண்டு மூன்று கரண்டி பார்க்கலாம். இடியப்பம் அதைவிடப் பரவாயில்லை, ஆனால் நூல் நூலாக விழுங்கக்கூடாது. கணவாய் றப்பர் மாதிரி, எவ்வளவு மென்றாலும் துண்டாகவே இறங்கும். காய்ந்த கோழி நெஞ்சிறைச்சி, மாட்டிறைச்சி, முருங்கைக்காய்ச் சக்கை, பனங்கிழங்கு, பலாச்சுளை, அன்னாசி எல்லாம் நாருள்ளவை. ஒடியல் கூழ் திரவம்தானே என்று குடிப்பவர்கள் அதற்குள் கிடக்கும் பயற்றங்காயையும் நண்டுச் சதையையும் மறந்துபோகிறார்கள். பாலைப்பழத்தின் பால் பிசினாக ஒட்டும், தோலைத் துப்பிவிட்டு ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். வெற்றிலை போடுகிறவர்களுக்கு வழி அடைபடப் பாக்குத் துண்டு ஒன்றே போதும். கள்ளும் சோடாவும் வாயுவை உண்டாக்கிச் சின்னப் பையை உப்பவைக்கும்.

முதலில் புரதம், பிறகு மரக்கறி, கடைசியாக இடமிருந்தால் சோறு. எங்கள் தட்டில் இது தலைகீழாக இருக்கிறது. நாளொன்றுக்கு 60 கிராம் அளவில் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல். முல்லைத்தீவுக் கடலும் குளத்து மீனும் இருக்கும்போது விலை கூடிய புரத மாவு தேவையில்லை. பாசிப்பயறு, பருப்பு, எருமைத் தயிர் மிச்சத்தை ஈடுகட்டும். தலைமயிர் கொட்டுகிறது என்று மூன்றாம் நாலாம் மாதத்தில் பலர் பயப்படுவார்கள். நிறை வேகமாகக் குறையும்போது அப்படி நடக்கும், புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் அநேகமாகத் திரும்ப வளரும். வைத்தியர் தரும் விற்றமின் குளிசையை விடாதீர்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. சாப்பிட்டு அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் பொறுங்கள். தண்ணீர் உணவைக் கழுவிக்கொண்டு போய்விட்டால், போதும் என்ற உணர்வு வராது. அதேநேரம் வன்னி வெயிலில் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் உள்ளே போயாக வேண்டும், ஆனால் மடக்கு மடக்காகக் குடிக்க முடியாது. எனவே ஒரு போத்தலைக் கையோடு வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கும் ஊர்களில் இதை இரட்டிப்பாகக் கவனியுங்கள்.

இப்போது பெரியம்மாவிடம் வருவோம். சாப்பாடு சிக்கினால் நெஞ்சுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும், வாயில் வழுவழுவென்று எச்சில் ஊறும், விக்கல் வரலாம். அந்த நேரம் செய்யவேண்டியது: சாப்பாட்டை நிறுத்தி, எழும்பி, மெல்ல நடந்து, ஊறும் எச்சிலைத் துப்புவது. தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்கக்கூடாது, வழி அடைபட்டிருக்கும்போது மேலே விடுகிற எதுவும் வலியைத்தான் கூட்டும். சோடா இன்னும் மோசம். முதுகில் அடிப்பதாலும் பயனில்லை, இது மூச்சுக்குழாயில் சிக்கியது அல்ல. அநேகமாக அரை மணித்தியாலத்தில் இறங்கும், அல்லது வெளியே வரும். அதன் பிறகு ஒரு நாள் முழுக்க நீராகாரம் மட்டும். அந்த இடம் வீங்கியிருக்கும், உடனே மறுபடி சாப்பிட்டால் மறுபடி சிக்கும். சில மணித்தியாலம் கடந்தும் தண்ணீரோ எச்சிலோ இறங்கவில்லை என்றாலும், விடாமல் சத்தி எடுத்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். கடும் வயிற்றுவலி என்றால் பொறுக்கவே வேண்டாம், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். வளையம் நழுவினால் இரைப்பையின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைப்படலாம்.

அநேகர் நினைக்கிறார்கள், எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு மெலிவோம் என்று. அது பிழை. இறுக்கம் கூடினால் மீனும் பயறும் இறங்காது, ஐஸ்கிறீமும் பிஸ்கற் தோய்த்த பால்தேத்தண்ணியும் தடையில்லாமல் இறங்கும். நிறை ஏறும். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருவதும், இரவில் தொடர்ந்து இருமுவதும் கூடுதலாக இறுகியதன் அடையாளம். இருமல் பாணி குடித்துக்கொண்டு இருக்காமல் கொஞ்சம் சேலைன் எடுப்பித்துவிடுங்கள். அப்படியே விட்டால் உணவுக்குழாய் விரிந்துபோகும். மாறாக, நன்றாக இருந்த வளையம் திடீரென்று எதையும் தடுக்காமல் விட்டால், குழாயில் ஒழுக்கு இருக்கலாம், அல்லது வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கலாம். பல மாதம் கழித்துப் போர்ட் இருக்கும் இடம் சிவந்து சீழ் வைப்பதும் அரிப்பின் அறிகுறியாக இருக்கக்கூடும். மருந்து கட்டிவிட்டு மறந்துவிடக்கூடாது.

எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒரு கணக்கு. 160 சென்ரிமீற்றர் உயரம், 100 கிலோ நிறை உள்ளவருக்கு மேலதிக நிறை ஏறக்குறைய 36 கிலோ. ஒழுங்காகச் சரிக்கட்டிய வளையத்தால் இரண்டு வருடத்தில் அதில் பாதிக்குக் கிட்ட, 15 முதல் 18 கிலோ குறைந்தால் நல்ல பலன். கிழமைக்கு அரைக் கிலோ, கூடினால் ஒரு கிலோ.

சலரோகத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாடு குறைந்த அன்றிலிருந்தே அளவை வைத்தியரிடம் கேட்டு மாற்ற வேண்டும். பழைய அளவையே போட்டால் சீனி இறங்கி வயலில் மயங்கி விழ நேரும். பிரஷர் குளிசையும் அப்படித்தான். மூட்டுவலிக்கு டைக்குளோபினாக், இபுபுரோபன் வாங்கிப் போடாதீர்கள், இரைப்பையில் புண் வரலாம். பெரிய குளிசைகளை உடைத்து விழுங்கலாம், மெதுவாகக் கரையும் வகையை உடைக்கக்கூடாது, பார்மசியில் கேளுங்கள். கர்ப்பம் தரிப்பதை ஒன்று ஒன்றரை வருடம் தள்ளிப்போடுவது நல்லது.

முதல் ஆறு கிழமைக்கு நெல் மூட்டை தூக்குவதும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் வேண்டாம். போர்ட் திரும்பிவிட்டால் பிறகு ஊசி போட இடம் கிடைக்காது. இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. யுத்தத்தில் வயிற்றில் காயப்பட்டுச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு உள்ளே குடல் ஒட்டியிருக்கலாம், அதனால் கமரா முறை கடினமாகலாம். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்ஆர்ஐ எடுக்க முதல் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வளையத்தைவிட அந்த உலோகத் துண்டுதான் அங்கே பிரச்சினை.

பட்டினி கிடந்து மீண்ட சனம் நாங்கள். கோப்பையில் சோறு மிஞ்சினால் மனம் பதறுகிறது. விருந்தாளிக்கு "இன்னொரு அகப்பை போடட்டோ" என்று கேட்காமல் இருக்கவும் எங்களுக்குத் தெரியாது. அதனால் குறைத்துப் போட்டுக்கொடுங்கள், கேட்டால் பிறகு போடலாம். வளையம் போட்டவர்களும் வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.

பேர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும். வளையத்தின் வகை, போட்ட திகதி, கொள்ளளவு, இப்போது எத்தனை மில்லிலீற்றர் இருக்கிறது, போர்ட் எந்தப் பக்கம், செய்த வைத்தியரின் தொலைபேசி இலக்கம், எல்லாம் எழுதி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உங்கள் கிளினிக்கில் கேட்டு, போர்ட்டுக்குரிய ஹியூபர் ஊசி இரண்டைச் சீல் உடைக்காமல் கொண்டுவாருங்கள். அந்த ஊசியின் நுனி, போர்ட்டின் றப்பரைத் துளைத்தெடுக்காத விதமாக வளைந்திருக்கும், எல்லா வாட்டிலும் கிடைக்காது. அவசரத்தில் அது இல்லாவிட்டால் சாதாரண மெல்லிய ஊசியால் என்றாலும் சேலைனை வைத்தியர் எடுத்துவிடலாம். போர்ட் பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். வெளியே எடுத்த அளவையும் அதே அட்டையில் எழுதுவித்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை ஊசி பிடிப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

நன்றி, வணக்கம்.