இது யாருடைய கதவு?

(தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தமிழ் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

சென்ற மாதம் என் கடைக்கு ஒரு தம்பி வந்தான். 18 வயதிருக்கும். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டையும் வளைந்த கம்பிகள் இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தான். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பூட்டைத் திறந்துவிட்டான். கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டானாம். "தாத்தா, இனி நானும் பூட்டுத் தொழிலாளிதானே?" என்று கேட்டான். "இல்லையப்பா" என்றேன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. வாடிக்கையாளர்கள் காத்திருந்ததால் காரணத்தை அப்போது சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அவனும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

நம் மொழியில் கள்ளச்சாவி என்றொரு சொல் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒரே பித்தளைத் துண்டு, ஒரே அரம், ஒரே கை. செய்யச் சொன்னவர் வீட்டுக்காரராக இருந்தால் அது மாற்றுச்சாவி. வேறொருவராக இருந்தால் கள்ளச்சாவி. இரண்டையும் மேசைமேல் வைத்தால் என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது. வேறுபாடு சாவியில் இல்லை, அதை அறுத்துக் கொடுத்தவன் முதலில் என்ன கேட்டான் என்பதில் இருக்கிறது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல், 2019-இல் தன் பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்றது. அந்த ஊரின் மாங்காய் வடிவப் பூட்டைச் செய்தவர்களும் அதே அரத்தைப் பிடித்தவர்கள்தாம்.

லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜோசப் பிராமா என்பவர் 1784-இல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1790-இலிருந்து அவருடைய கடைச் சன்னலில் ஒரு பூட்டு தொங்கியது. அதைத் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினிப் பொற்காசு பரிசு என்று எழுதி வைத்திருந்தார்கள். 60 ஆண்டுகளுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-இல் லண்டனில் பெரும் பொருட்காட்சி நடந்தபோது ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்தார். நடுவர்களை அமர்த்தி, பூட்டின் சொந்தக்காரர்களின் ஒப்புதலோடு வேலையைத் தொடங்கினார். 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். அதே ஆண்டில் சப் என்ற நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டையும் அரை மணிக்குள் திறந்து காட்டினார். இங்கிலாந்தே அதிர்ந்தது. திருடனுக்கு வழி காட்டிவிட்டார் என்று சிலர் வைதார்கள். ஆனால் அவர் திறந்ததெல்லாம் பகலில், பலர் பார்க்க, உடையவர் சம்மதத்தோடு. பூட்டுச் செய்தவர்கள் தங்கள் குறையைத் தெரிந்துகொண்டு திருத்தினார்கள். அந்த 51 மணி நேரத்தை விட அந்தச் சம்மதத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கைவேலை முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கை தெரியாதவன் நல்லவனாக இருந்தும் பயனில்லை. நம் முன்வாசலின் சிலிண்டர் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாவி நுழையும் உருளை ஒன்று, அதில் வரிசையாகப் பெரும்பாலும் ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் பின் என்று நாங்கள் சொல்லும் சிறு உலோகக் குச்சிகள் இரண்டு, அவற்றை அழுத்த ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது ஒரு பின் பாதி உருளைக்குள்ளும் பாதி வெளிக்கூட்டுக்குள்ளும் குறுக்கே நிற்கும். உருளை அசையாது. சரியான சாவியின் பற்கள் ஐந்து சோடிகளையும் வேண்டிய அளவுக்கு நகர்த்துகின்றன. சோடிகள் பிரியும் இடங்கள் ஐந்தும் ஒரே கோட்டுக்கு வந்தால் உருளை திரும்பும். அமெரிக்காவின் லைனஸ் யேல் 1860களில் இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார். மரத்தால் செய்த இதன் முன்னோடி பழைய எகிப்தில் இருந்தது.

இனி, சாவி தொலைந்துவிட்டது, பூட்டையும் கழற்ற முடியவில்லை என்று வையுங்கள். கற்றவன் பல் வெட்டாத வெற்றுச்சாவியை நுழைத்து, சற்றே திருகிப் பிடித்து, மேலும் கீழும் மெல்ல ஆட்டுவான். வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான். மாட்டிக்கொண்ட பின்கள் பித்தளையில் மிகச் சிறிய பளபளப்பான தடம் பதித்திருக்கும். தடம் இருக்கும் இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடியும் நுழைப்பான், மறுபடியும் பார்ப்பான். ஒரு பின் தன் இடத்துக்கு வந்துவிட்டால் அது தடம் பதிப்பதை நிறுத்திவிடும். இப்படி ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் கதவு திறக்கும்போது வீட்டுக்காரர் கையில் புதிய சாவியும் இருக்கும். பூட்டில் ஒரு கீறல் இருக்காது. எனக்கு இது பிடிபட இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்றும் அந்தத் தடத்தைப் பார்க்கும்போது மனம் நிறைந்துபோகும்.

இதைக் கற்காதவன் துளைபோடும் இயந்திரத்தை எடுக்கிறான். என் தெருவில் ஒரு வயதான அக்காவின் கதவு சாத்திக்கொண்டது. பூட்டவில்லை, காற்றில் சாத்தியதுதான். குறைந்த கட்டணம் என்று விளம்பரத்தில் பார்த்த எவனையோ அழைத்தார். வந்தவன் பூட்டைப் பார்க்கக்கூட இல்லை. நேரே துளைபோட்டு உடைத்தான், "இனி புதிய பூட்டுத்தான்" என்றான், சொன்ன தொகையைப் போல் பல மடங்கு வாங்கிக்கொண்டு போனான். சாத்திய கதவின் நாக்கைப் பின்தள்ளப் பெரும்பாலும் ஒரு வளையும் தகடு போதும். அந்த அக்கா தன் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்த பணம் அது. இவனைத் தொழிலாளி என்று அழைக்க என் நாக்கு ஒத்துக்கொள்ளாது.

பதிவு அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பூட்டு திறப்பது பாதுகாப்புச் சேவை. 2001-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. பிசிரா என்று நாம் சொல்லும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் இதைக் கூலிக்குச் செய்யக் கூடாது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பயிற்சி பெற்றிருக்க வேண்டும், சட்டம் பட்டியலிட்ட குற்றங்களில் கடந்த 10 ஆண்டுகளில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. கைரேகை கொடுக்க வேண்டும். "தாத்தா, ஓர் அட்டை இருந்தால் நல்லவனாகிவிடுவானா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆகமாட்டான். ஆனால் அட்டை இருந்தால் அவன் பெயரும் கைரேகையும் ஓரிடத்தில் இருக்கின்றன, தவறு செய்தால் முறையிட ஒரு வாசல் இருக்கிறது. வாசலில் நிற்பவரிடம் அட்டையைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரைத் திருப்பி அனுப்புங்கள்.

நம்மவர் அந்த அட்டையை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் கைத்தொழில் தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். ஆனால் தொழில் சான்றிதழ் நம் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1922-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம் இத்தனை வகுப்பு படித்திருக்க வேண்டும் என்றது. பள்ளிக்கூடமே எட்டாத வீடுகளுக்கு அது சாத்திய கதவு. ஒப்பந்தத் தொழிலாளியாக 1890-இல் வந்த எம்.எல். சுல்தான் தன் பணத்தைக் கொடுத்ததால்தான் இந்தியப் பிள்ளைகளுக்கென ஒரு தொழிற்கல்லூரி அவர் பெயரில் எழுந்தது. இன்று அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதி. என் அப்பாவுக்கு அரம் பிடிக்கத் தெரியும், சான்றிதழ் கிடையாது. 30 ஆண்டுகள் உதவியாள் என்றே அழைக்கப்பட்டார்.

வேலை முடிந்ததும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியவையும் உண்டு. உள்ளே இரண்டே லீவர் தகடுகள் உள்ள பூட்டை வெளிக்கதவில் போட்டிருந்தால், பக்கத்து வீட்டுச் சாவியே அதைத் திறக்கக்கூடும் என்று சொல்ல வேண்டும். கடற்காற்றில் இறுகிய சிலிண்டருக்கு எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும், கிராஃபைட் தூள் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். மின்பூட்டு போடும் கடையில், மின்சாரம் நின்றால் ஆட்கள் வெளியேறும் கதவு திறந்துகொள்ள வேண்டும், சரக்கறை மூடியே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேச வேண்டும். மின்வெட்டு நமக்குப் புதிதில்லையே. எல்லாவற்றுக்கும் மேலாக இரும்புக் கதவு. திருடனுக்குப் பயந்து சன்னலுக்குக் கம்பி, வாசலுக்குக் கம்பிக்கதவு, படுக்கையறை நடைக்கு இன்னொன்று. இரவில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களுக்கு எது வழி? ஒரு சாவி உள்ளே, கதவுக்குப் பக்கத்தில், சன்னல் வழியாக வரும் கைக்கு எட்டாத இடத்தில், குழந்தைக்கும் தெரியும்படி தொங்க வேண்டும். ஆணி அடித்துச் சாவியை மாட்டிவிட்டுத்தான் நான் வெளியே வருவேன். அதற்குக் கூலி வாங்குவதில்லை.

தம்பி, கடைசியாக இதைக் கேள். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு ஒருவர் என்னை அழைத்தார். சாவி தொலைந்துவிட்டது என்றார். அடையாள அட்டை காட்டினார். நகராட்சி மின்கட்டணச் சீட்டில் அதே பெயர், அதே முகவரி. எல்லாம் சரி. பெட்டியைத் திறந்து குனிந்தேன். பூட்டு புத்தம் புதிது, திருகாணியைச் சுற்றி மரத்தூள்கூட உதிராமல் இருந்தது. நிமிர்ந்தபோது சன்னல் திரை ஒரு விரல் அளவு விலகி மூடியது.

"உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "யாருமில்லை, திற" என்றார். "உள்ளே இருப்பவர் சொன்னால் திறக்கிறேன், இல்லையென்றால் போலீசாரோடு வாருங்கள், அவர்கள் முன்னால் பேசிக்கொள்வோம்" என்றேன். என் தாயைப் பழித்து ஏசினார். நான் பெட்டியை மூடினேன், ஆனால் போகவில்லை. அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை விளக்கு எரிய என் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஓர் அம்மா வந்தார். நேற்று எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்வாசலுக்கும் ஒரு பூட்டு வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். சாவி மூன்று, மாற்றுச்சாவி அறுக்க உதவும் சாவி எண் எழுதிய அட்டை ஒன்று. எல்லாவற்றையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எண்ணினார். "உங்களிடம் எதுவும் இல்லையே?" என்று கேட்டார்.

என் பணிப்புத்தகத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். தேதியும் தொகையும் இருந்தன. எண் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.