49 கிலோவா, 50 கிலோவா?

நேயர்களுக்கு வணக்கம். காசநோய்க்கு மருந்து எவ்வளவு கொடுத்தால் சரி என்ற ஆராய்ச்சியில் இருப்பவன் நான்.

பாம்பனில் காசநோய் வந்த ஒரு படகுக்காரரை எடை பார்த்தோம். கரையேறிய கையோடு ஈரக் கைலியுடன் ஏறி நின்றார். 50 கிலோ. செல்போன், சாவியை எடுத்து வைத்து, காய்ந்த கைலி கட்டி ஏறியதும் 49. "ஒரு கிலோவுல என்ன சார் ஆயிரப்போகுது?" என்றார். "ஈரத்துக்குன்னு வியாபாரி எடையில கழிக்கலையா அண்ணே?" என்றேன். சிரித்துவிட்டார்.

எடையைப் பார்த்துத்தான் மாத்திரை கொடுக்கிறோம். அந்த ஒரு கிலோவில் ஒரு மாத்திரை வித்தியாசம் வரும். காசநோய்க்கான நான்கு மருந்தும் சேர்ந்த மாத்திரை, 35 முதல் 49 கிலோ வரை தினம் 3. 50 முதல் 64 வரை 4. அந்த நான்கில் ஒன்றான ரிஃபாம்பிசின், மாத்திரைக்கு 150 மில்லிகிராம். ஆக, 49 கிலோக்காரருக்குக் கிலோவுக்கு 9 மில்லிகிராம் சொச்சம், 50 கிலோக்காரருக்கு 12. அதே 3 மாத்திரை, 35 கிலோப் பெண்ணுக்கு ஏறக்குறைய 13.

ரிஃபாம்பிசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கு அரை நூற்றாண்டு பழையது. மருந்து அன்று விலை கூடுதல், பக்கவிளைவு பயம் வேறு. இதற்கு மேல் பலன் இல்லை என்று சோதித்து வைத்த எல்லை அல்ல அது. தென்னாப்பிரிக்காவிலும் தான்சானியாவிலும் கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். சளியில் கிருமி சீக்கிரம் மறைந்தது. ஆனால் டோஸைக் கூட்டி, மருந்து சாப்பிடும் மாதத்தைக் குறைக்கும் ஆசை இன்னும் கைகூடவில்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் தாங்களாகக் கூட்டிவிடாதீர்கள், ஈரல் தாங்காது.

விழுங்கியதெல்லாம் ரத்தத்தில் சேர்வதும் இல்லை. அந்த நான்கில் இன்னொன்றான ஐசோனியசிட்டைச் சிலர் உடம்பு சட்டென்று கரைத்துவிடும், சிலர் உடம்பு மெதுவாக. பிறவி வாகு அது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் அந்தக் காலத்திலேயே இதை அளந்திருக்கிறார்கள். நாங்களும் கண்முன்னே மாத்திரை கொடுத்து, 2 மணி நேரத்திலும் 6 மணி நேரத்திலும் ரத்தம் எடுக்கிறோம்.

ரிஃபாம்பிசினுக்கு வெறும் வயிறு வேண்டும். சோற்றின் மேல் போட்டால் ரத்தத்தில் அளவு இறங்கும். ஆனால் மண்டபத்தில் பாசி எடுக்கும் அக்காமார் விடியுமுன் பழையதைக் குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார்கள். மாத்திரை எப்போது என்று கேட்டால், "சாப்பிட்டதும்தான், இல்லாட்டி கொமட்டுது தம்பி" என்கிறார்கள். சீட்டில் வெறும் வயிறு என்று எழுதிவிடுவது எங்களுக்குச் சுலபம். எழுந்தவுடன் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துப் பழையது என்று இப்போது சிலரோடு பேசி முயன்று வருகிறோம்.

படகுக்காரர் இரண்டு மாதம் கழித்து வந்தார். 55 கிலோ. அன்றே மாத்திரையை 4 ஆக்கினோம். இந்த முறை செல்போனை அவரே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் ஏறினார்.