ஸ்டைவசன்ட் பள்ளியின் வாசல்

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஒரு பள்ளியின் தரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், தேர்ச்சி விகிதம் எவ்வளவு, முதல் மதிப்பெண் எவ்வளவு என்றுதான் நாம் கேட்கிறோம். அந்தப் பள்ளி யாரைச் சேர்த்துக்கொண்டது, யாருக்கு அதன் கதவு திறக்கவில்லை என்று அரிதாகவே கேட்கிறோம். இரண்டையும் தனித்தனியே பார்க்க முடியாது என்பதை நியூயார்க் நகரின் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியை வைத்து இன்று விளக்க விரும்புகிறேன்.

1904-இல் ஆண் பிள்ளைகளுக்கான தொழிற்பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்ட இது, 1992 முதல் மன்ஹாட்டனில் ஹட்சன் நதியோரத்தில், உள்ளேயே நகரும் படிக்கட்டுகள் கொண்ட பத்து மாடிக் கட்டடத்தில் இயங்கிவருகிறது. கட்டணம் கிடையாது, முழுக்க முழுக்க அரசுப் பள்ளி. ஏறத்தாழ 3,300 பேர் படிக்கிறார்கள். அநேகமாக அனைவருமே படிப்பை முடித்து வெளியேறுகிறார்கள். ஜோஷுவா லெடர்பெர்க், ரோல்ட் ஹாஃப்மன், ரிச்சர்டு ஆக்ஸல் உள்ளிட்ட நோபல் பரிசாளர்கள் இங்கே படித்தவர்கள்.

இப்பள்ளியில் சேர ஒரே வழி, நகரில் இதுபோன்ற வேறு சில பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு நுழைவுத் தேர்வுதான். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, மூன்று மணி நேரத்தில், ஆங்கிலத்தில் 57 கேள்விகளுக்கும் கணக்கில் 57 கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டும். அதன் பிறகு மதிப்பெண்களை இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருப்பவர் கேட்ட பள்ளியை முதலில் கொடுத்து, இடங்கள் தீரும்வரை கீழே இறங்கி வருவார்கள். கடைசி இடம் யாருக்குக் கிடைக்கிறதோ அவருடைய மதிப்பெண்தான் அந்த ஆண்டின் கட்-ஆஃப். பள்ளியில் எடுத்த மதிப்பெண்ணோ, வருகைப் பதிவோ, ஆசிரியரின் கருத்தோ எதுவும் கணக்கில் வராது. 1971-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டமே இத்தேர்வைக் கட்டாயமாக்கியிருப்பதால், நகர நிர்வாகம் நினைத்தாலும் தானாக அதை மாற்றிவிட முடியாது.

2019-இல் இப்பள்ளி 895 பேருக்கு இடம் அளித்தது. அவர்களில் கறுப்பின மாணவர்கள் 7 பேர். 2023-இல் 762 பேரில் மறுபடியும் 7 பேர். நகரின் அரசுப் பள்ளிகளில் படிப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணை இன்னொரு முறை பாருங்கள். இது என்றைக்கும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1975-இல் இதே பள்ளியில், இதே முறையில் தேர்வு எழுதி வந்த கறுப்பின மாணவர்கள் எல்லா வகுப்புகளிலுமாக முந்நூறுக்கும் மேல், அதாவது எட்டில் ஒருவர். 2012-இல் பள்ளி முழுவதிலும் அவர்கள் 40 பேர்தான். பிள்ளைகளின் அறிவு முப்பது நாற்பது ஆண்டுகளில் குறைந்துவிடாது. அவர்கள் வாழும் பகுதிகளின் நடுநிலைப் பள்ளிகளில் வேகமாகக் கற்கும் பிள்ளைகளுக்கென்று முன்பு நடந்துவந்த மேம்பட்ட வகுப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மறுபுறம், தேர்வுக்கென்றே தயார்செய்யும் டியூஷன் மையங்கள் பெருகின. கேள்வித்தாளைத் திறக்கும் முன்பே முடிவின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது.

இப்படிச் சொல்லும்போது, இப்போது அங்கே படிப்பவர்கள் எல்லோரும் வசதி படைத்தவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மாணவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஆசிய வம்சாவளியினர். அவர்களில் பலர், சீனாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் குடியேறி, குறைந்த கூலிக்கு உழைத்து, அந்தக் கூலியிலும் மிச்சம்பிடித்து டியூஷனுக்குக் கட்டும் பெற்றோரின் பிள்ளைகள். மாணவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆகவே 2018-இல் மேயர் பில் டி பிளாசியோ இத்தேர்வையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் 7 விழுக்காட்டினருக்கு இடம் தரலாம் என்று முன்மொழிந்தபோது அந்தப் பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடியதை நான் குறைசொல்ல மாட்டேன். சட்டமன்றம் அத்திட்டத்தை ஏற்கவில்லை.

ஆனால் வாசலை அகலப்படுத்தினால் தரம் போய்விடும் என்று அப்போது எழுந்த வாதத்தை என்னால் ஏற்க முடியாது. 1969 வரை இப்பள்ளியில் பெண்களுக்கு இடமே இல்லை. ஒரு மாணவி நீதிமன்றம் சென்ற பிறகுதான் அந்த ஆண்டு ஒரு சில பெண்கள் உள்ளே வந்தார்கள். இன்று மாணவர்களில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள். பள்ளியின் பெயர் மங்கிவிடவில்லை. இன்னொன்றும் உண்டு. பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத் தேர்வுப் பள்ளிகளை ஆராய்ந்து ஜோஷுவா ஆங்ரிஸ்ட் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கட்-ஆஃப் கோட்டை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களுக்கும், மயிரிழையில் தவறவிட்டவர்களுக்கும் இடையே, பின்னாளில் எழுதிய தேர்வுகளில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அப்படியானால் தேர்ச்சிப் பட்டியலில் நாம் பார்த்து வியப்பது, பள்ளி கற்பித்ததை விடப் பள்ளி தேர்ந்தெடுத்ததைத்தான்.

தமிழ்நாட்டில் வாழும் நமக்கு இந்த விவாதம் புதிதன்று. நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களைக் கைவிரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது; 2020-இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். நியூயார்க்கிலும், கட்-ஆஃபைச் சற்றே தவறவிட்ட ஏழைப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் பாடம் நடத்திச் சேர்த்துக்கொள்ளும் ஒரு திட்டம் இருக்கிறது. அது நல்ல திட்டம். ஆனால் கோட்டின் அருகேகூட வர முடியாமல் போன பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் கோடையால் என்ன பயன்? நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த கணக்கை எல்லோருக்கும் முன்னால் போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று ஆசிரியரைப் பார்க்கிற சிறுமிக்கு, மூடப்பட்ட அந்த மேம்பட்ட வகுப்பு அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.