வைகைக் கரையில் அடிமண் படம் வரைவது

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் செல்லூரிலோ சிம்மக்கல்லிலோ வீடு கட்ட வானம் தோண்டும்போது எட்டிப் பார்த்திருப்பீர்கள். மேலே செங்கல் துண்டு, பாலித்தீன் பை, உடைந்த ஓடு. அதற்குக் கீழே கரம்பை, அதாவது நுண்ணிய வண்டல் மண், இருக்கலாம், அதற்கும் கீழே ஆற்று மணல் வரலாம். பக்கத்துத் தெருவில் தோண்டினால் அந்த மணலைக் காணோம். வெள்ளம் வேகமாக ஓடிய இடத்தில் பருமணலும் சரளையும் விழும். கரை தாண்டித் தேங்கிய இடத்தில் வண்டலும் களியும் படியும். ஆறு தடம் மாறினால் பழைய தடத்து மணல் நாடா போல மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் கடும்பாறை. இந்த அடுக்குகளைப் படமாக்குவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதல் வேலை துளை போடுவதல்ல, மட்டம் எடுப்பது. ‘தரையிலிருந்து 3 மீட்டரில் மணல்’ என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நகரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு துளையில் 3 மீட்டரிலும் அடுத்ததில் 4.5 மீட்டரிலும் மணல் வந்தால், அடுக்கு சரிந்து போகிறது என்று வரைந்துவிடுவோம். உண்மையில் இரண்டாவது இடத்தில் யாரோ ஒன்றரை மீட்டர் இடிபாடு கொட்டி மனையை உயர்த்தியிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு துளையின் வாயையும் பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான குறியிலிருந்து) லெவல் பிடித்து, கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். ஜிபிஎஸ் கருவி தரும் உயரத்தைத் திருத்தாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. தென் தமிழகத்தில் அது கடல் மட்ட உயரத்தைவிட 90 மீட்டருக்கும் மேல் குறைத்துக் காட்டும்.

துளைகளை ஆற்றுக்குக் குறுக்கே ஒரே கோட்டில் போடுங்கள். கரையோரத்தில் 50 மீட்டருக்கு ஒன்று, தள்ளிப் போகப் போக 100, 150 மீட்டருக்கு ஒன்று போதும். மணல் நாடா ஆற்றின் போக்கிலேயே நீளமாகவும் குறுக்கே ஒடுக்கமாகவும் கிடக்கும் என்பதால், ஆற்றோடு ஒட்டிப் போட்ட துளைகள் அதன் அகலத்தைச் சொல்லாது.

நிலத்தடி நீர் வரை கை ஆகர், அதாவது கையால் திருகித் துளையிடும் கருவி, போதும். அதற்குக் கீழே, துளை சரியாமல் தாங்கும் கேசிங் குழாயை இறக்கி, ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் எஸ்பிடி சோதனை செய்வார்கள். மண் எவ்வளவு இறுக்கம் என்று பார்ப்பது அது. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவது. முதல் 15 செ.மீ.க்கான அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மிச்சம் 30 செ.மீ.க்கானதுதான் ‘என்’ மதிப்பு.

பெரும்பாலும் கோளாறு வருவது இங்கேதான். துளைக்குள் இருக்கும் தண்ணீர், வெளியே உள்ள நிலத்தடி நீர் மட்டத்தைவிடத் தாழ்ந்துபோனால், அடியிலிருந்து மணல் பொங்கி மேலே வரும். பொங்கிய மணல் தளர்ந்து கிடப்பதால் ‘என்’ மதிப்பு குறைவாக வரும். நல்ல மணலை இளகிய மணல் என்று எழுதிவிடுவோம். துளையில் தண்ணீரோ பென்டோனைட் (தண்ணீரில் ஊறி உப்பும் களி) குழம்போ வெளி மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும், கருவியை மெதுவாகத்தான் வெளியே இழுக்க வேண்டும். இன்னொன்று: தண்ணீர் பாய்ச்சித் துளையிடும்போது வெளியே வரும் கலங்கலை வைத்து அடுக்கை எழுதவே கூடாது. நுண்ணிய வண்டல் கரைந்து போய்விடும், 10 செ.மீ. கரம்பை இருந்ததே தெரியாது.

மாதிரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்துத் தட்டினால் மேலே தண்ணீர் பளபளவென்று கசிந்து, விரலால் அமுக்கியதும் மறைந்தால் அது வண்டல். 3 மி.மீ. கனத்துக்கு நூலாக உருட்டியும் நொறுங்காமல் நின்றால் களி. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டதும் பொங்கினால் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கட்டி, கலந்திருக்கிறது. அந்த மண் கொஞ்சகாலம் புதிய படிவு இல்லாமல் மேலாகக் கிடந்து காய்ந்ததற்கான அடையாளம் அது. பானை ஓடு வந்தால் தூக்கி எறிய வேண்டாம். கீழடி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆழத்தோடு குறித்து வையுங்கள்.

துளைகளுக்கு நடுவே மின்தடை அளவீடு கைகொடுக்கும். நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் அடித்து, வெளிக் கம்பிகளில் மின்சாரம் செலுத்தி, உள் கம்பிகளில் மின்னழுத்தம் பார்ப்பது. 6.28-ஐ (இரண்டு பை) இடைவெளியாலும் தடையாலும் பெருக்கினால் மண்ணின் மின்தடைத்திறன் வரும். இடைவெளி 10 மீட்டர், தடை 0.5 ஓம் என்றால் விடை 31.4 ஓம்-மீட்டர். களி பொதுவாக 20க்குள், நல்ல நீர் நிறைந்த மணல் அதற்கு மேல், கடும்பாறை ஆயிரக்கணக்கில். ஆனால் சாக்கடை உப்பு ஊறிய மணலும் களி போலவே குறைத்துக் காட்டும். குழாயும் கேபிளும் போகும் தெருவில் வரும் எண்ணை நம்பவே வேண்டாம். ஆற்றுக்குள் இறங்கினால் கம்பி வரிசையை 100 மீட்டர் நீட்டத் தாராளமாக இடம் உண்டு. காய்ந்த மணலில் கம்பி அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அழகர் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் விட்ட பிறகு எடுத்த அளவை, அதற்கு முன் எடுத்ததோடு ஒரே கோட்டில் சேர்த்தால் படம் குழம்பிவிடும்.

வரையும்போது, இரண்டு துளையில் மணல் கண்டதாலேயே நேர்கோடு இழுத்து இணைக்காதீர்கள். மட்டம், மணியின் பருமன், நிறம் மூன்றும் ஒத்துப் போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் வெவ்வேறு காலத்துத் தடங்கள் என்று பிரித்து வரைந்து, நடுவில் கேள்விக்குறி போடுங்கள்.

வேலை முடிந்ததும் துளையைத் திறந்து விட்டுவிட்டுப் போகக் கூடாது. பென்டோனைட்டும் சிமென்டும் கலந்த குழம்பை அடியிலிருந்து மேலாக நிரப்புங்கள். இல்லையென்றால் மேலே ஓடும் சாக்கடை நேராக மணலுக்குள் இறங்கி, பக்கத்து வீட்டு அடிபம்புக்குப் போய்விடும். வணக்கம்.