1907 இல் தொடங்கிய புற்றுநோய்ச் சஞ்சிகை என் போனில் திறந்துவிட்டது!

வணக்கம் உறவுகளே. இன்றைக்குச் சாப்பாட்டுக் கடையும் இல்லை, சந்தையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு மர நிழலில் நின்று பேசுகிறேன். பின்னால் பஸ் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றிரவு முதல் ஒரு கோபமும் ஒரு சந்தோசமும் மனதுக்குள் நிற்கின்றன.

கோபத்தை முதலில் சொல்கிறேன். பாக்கு, வெற்றிலை பற்றி வீடியோ போட்டேனே, புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே சொல்லிவிட்டது என்று, அதற்குப் பிறகு பலரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். ஒரு பொருள் உடம்பில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரும் என்று முதன்முதலில் செய்து காட்டியது யார்? நல்ல கேள்வி. தேடினேன். ஜப்பானிய நோயியல் மருத்துவர் ஒருவரின் பெயர் வந்தது, யமகிவா கட்சுசபுரோ. அவரைப் பற்றி ஒரு கட்டுரையும் கிடைத்தது. தட்டினால், பதிப்பகம் 42 டொலர் கேட்கிறது!

நான்கு பக்கம், உறவுகளே. நான்கே நான்கு பக்கம். நம் காசில் 12,000 ரூபாய்க்கு மேலே. அதுவும் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, 24 மணி நேரம் திரையில் பார்க்கலாம், அவ்வளவுதான். 12,000 ரூபாய்க்கு எங்கள் வீட்டுக்கு ஒரு மாத அரிசி வாங்கி, மிச்சக் காசில் பாசையூரில் நல்ல மீனும் வாங்கலாம். இந்தச் சந்தியில் போகிற எத்தனை கம்பஸ் பிள்ளைகளால் அந்தக் காசைக் கொடுக்க முடியும்? எழுதியவருக்கு அதில் ஒரு சதம் போகிறதா? பெரும்பாலான சஞ்சிகைகளில் போவதில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கொதிக்கிறது. நம் ஊரில் எத்தனையோ பேர் புற்றுநோய்க்காகத் தெல்லிப்பழை வைத்தியசாலைக்குப் போய் வருகிறார்கள். அந்த நோய் பற்றிய அறிவுக்கு இப்படி ஒரு பூட்டா?

சரி, இனிச் சந்தோசம். அந்த யமகிவாவைப் பிடித்துக்கொண்டே போனால், அவர் 1907 இல் ஒரு சஞ்சிகை தொடங்கியிருக்கிறார். பெயர் ‘கன்’. ஜப்பானில் புற்றுநோய்க்கு அந்தப் பெயர்தான். அதன் பழைய இதழ்கள் ‘ஜே-ஸ்டேஜ்’ என்ற ஜப்பானிய இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. காசு இல்லை, பதிவு இல்லை, ஒன்றும் இல்லை. என் போனில் டேட்டா முடிகிற நேரம், சிக்னல் ஒரு கோடு. சுற்றிச் சுற்றி நின்று கடைசியில் திறந்ததே, அப்போது நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார். முழுக்க ஜப்பானிய எழுத்து, ஒரு வரி எனக்கு விளங்காது. ஆனாலும் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். காலையில் முதல் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தேன், இதோ கமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன். கடையில் 20 ரூபாய். 42 டொலர் எங்கே, 20 ரூபாய் எங்கே!

1907 என்றால் எவ்வளவு முந்தியது என்று பாருங்கள். ஜேர்மன்காரர் 1903 இல் ஒன்று தொடங்கிவிட்டார்கள், அது முந்தியது. அமெரிக்காவில் அதே 1907 இல் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள், ஆனால் அவர்களுடைய சஞ்சிகை 1916 இல்தான் வந்தது. ஜப்பானில் நேர்மாறு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அமைப்பே 1908 இல்தான் வந்தது, சஞ்சிகை அதற்கு முந்திய வருடமே வந்துவிட்டது. எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்திருக்கிறது. கட்டடம், தலைவர், செயலாளர் எல்லாம் வரும் வரை அந்த மனிதர் காத்திருக்கவில்லை.

அப்புறம், அவர் என்ன செய்தார் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை! முயல். முயலின் காதில் நிலக்கரித் தார் பூசினார். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மாதக்கணக்காக. கூட நின்றவர் இச்சிகாவா, கால்நடை மருத்துவம் படித்தவர். 1915 இல் அந்தக் காதுகளில் உண்மையான புற்றுநோய் வந்தது. அதற்கு முன்னும் பலர் பூசிப் பார்த்து, ஒன்றும் வராமல் விட்டுவிட்டார்கள். இவர்கள் விடவில்லை. யமகிவாவுக்குக் காசநோய் வேறு. இருமிக்கொண்டே இந்த வேலையைச் செய்திருக்கிறார்.

ஒரு நிமிசம், தார் ஏன் என்று சொல்ல வேண்டும். லண்டனில் பேர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை மருத்துவர் 1775 இலேயே எழுதிவிட்டார், புகைபோக்கிக்குள் இறங்கித் துப்புரவு செய்த பையன்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் புற்றுநோய் வருகிறது, கரிதான் காரணம் என்று. ஆனால் பார்த்துச் சொல்வது வேறு, ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டுவது வேறு. அந்த இரண்டுக்கும் இடையில் 140 வருடம். 1930 களில் லண்டன் ஆய்வாளர்கள் அந்தத் தாருக்குள் இருந்த வேதிப்பொருளையே பிரித்து எடுத்தார்கள், பென்சோபைரீன். சிகரெட் புகையிலும் அதுதான் இருக்கிறது.

யமகிவாவின் அந்த ஆய்வு 1918 இல் ஆங்கிலத்தில் வந்தது, அந்த அமெரிக்கச் சஞ்சிகையில்தான். மூன்றாம் தொகுதி, முதல் பக்கத்திலிருந்து 29 ஆம் பக்கம் வரை. அந்தச் சஞ்சிகையைத் தொடங்கிய ஆசிரியர் ரிச்சர்ட் வெயில், முதலாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் போய் 1917 இல் நிமோனியாவில் இறந்துவிட்டார். ஆசிரியர் போன பிறகும் போர்க் காலத்தில் இதழ் நின்றுவிடவில்லை, தோக்கியோவில் இருந்த ஒருவருக்கு 29 பக்கம் கொடுத்தார்கள். அந்தச் சஞ்சிகைக்கு இந்த ஒன்றுக்காகவே என் மனதில் தனி இடம்.

நோபல் கதைக்கு வருகிறேன், இதில் எனக்குத் தாங்க முடியாத ஆத்திரம். 1926 ஆம் ஆண்டுக்கான மருத்துவப் பரிசு டென்மார்க்கின் பிபிகருக்குப் போனது. எலிகளின் வயிற்றில் ஒரு புழு புற்றுநோயை உண்டாக்குகிறது என்றார். பிறகு அந்த முடிவு நிற்கவில்லை, எலிகளுக்கு வைட்டமின் ஏ குறைபாடுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. யமகிவாவின் பெயரும் பரிந்துரையில் இருந்தது. கிடைக்கவில்லை. 1930 இல் இறந்துவிட்டார். அவருடைய தார் சோதனையை உலகம் முழுக்கத் திரும்பச் செய்தார்கள், திரும்பத் திரும்ப அதே முடிவு வந்தது. பரிசு யாருக்குப் போயிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று பிடிக்கவே இல்லை, பெயர் மாற்றம். ‘கன்’ என்று எவ்வளவு அழகான, குட்டிப் பெயர்! 1985 இல் ‘ஜப்பானியப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சஞ்சிகை’ என்று மாற்றினார்கள். 2003 இல் மறுபடியும் மாற்றி ‘கான்சர் சயன்ஸ்’. இப்போது அந்தப் பெயரில்தான் வருகிறது, முழுவதும் ஆங்கிலத்தில். அமெரிக்கர்களும் அப்படித்தான், 1931 இல் ஒரு பெயர், 1941 இல் ‘கான்சர் ரிசேர்ச்’ என்று இன்னொரு பெயர். தேடுகிறவர் பாதி வழியில் தொலைந்து போகிறார். ஜே-ஸ்டேஜில் பழைய பெயரைப் போட்டால் பழைய இதழ் மட்டும் வரும், நடுவில் வந்தது வேறு இடத்தில் இருக்கும். தேடிப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆ, முக்கியமானதை விட்டுவிட்டேன். ‘கான்சர் சயன்ஸ்’ இப்போதைய இதழ்களும் இலவசம்தான், யாரும் திறந்து வாசிக்கலாம். மருத்துவ பீடத்துத் தம்பி, தங்கச்சிமார் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள், இந்த முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள். பக்கத்தின் படத்தை வீடியோவுக்குக் கீழே போட்டுவிடுகிறேன்.