க்வெரி சிண்டாக்ஸ் ஜாங்கோ மாதிரியா, எஸ்க்யூஎல்ஆல்கெமி மாதிரியா?

அடுத்த கேள்வி. ஒருத்தர் பைத்தான்ல சொந்தமா டேட்டாபேஸ் க்ளையண்ட் லைப்ரரி எழுதுறாராம், எந்த ரோ வேணும்னு வடிகட்டுற வேர் (WHERE) கண்டிஷனுக்கு ஜாங்கோ ஸ்டைல் வைக்கவா எஸ்க்யூஎல்ஆல்கெமி ஸ்டைல் வைக்கவான்னு கேக்குறாரு. ரெண்டுமே பைத்தான் கோடுலேர்ந்து டேட்டாபேஸ்கிட்ட பேச உதவுறதுதான். எனக்கு ரெண்டாவதுதான் புடிக்கும், ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு, அத அடைக்காம விட்டா ஜாங்கோவே தேவலாம்.

அமௌண்ட் 100க்கு மேலன்னு சொல்ல ஜாங்கோல அமௌண்ட் டபுள் அண்டர்ஸ்கோர் ஜிடி ஈக்வல் டு 100னு (amount__gt=100) எழுதணும். கை பழகிடும், ஆனா ஃபீல்டு பேர் தப்பா இருந்தா ரன் பண்ணும்போதுதான் எரர் வரும், "ஆர்" கண்டிஷன் வேணும்னா கண்டிஷன சுத்தி வைக்கிற க்யூ (Q) ஆப்ஜெக்ட்டுக்கு ஓடணும்.

எஸ்க்யூஎல்ஆல்கெமில ஆர்டர் டாட் அமௌண்ட் > 100னு நேரா எழுதிடலாம், அது ட்ரூ ஃபால்ஸ் தராம கண்டிஷனயே ஒரு ஆப்ஜெக்ட்டா தரும், அப்புறமா அது டேட்டாபேஸோட மொழியான எஸ்க்யூஎல் ஆகும். சிக்கல் எங்கன்னா பைத்தானோட "அண்ட்", "ஆர்", "நாட்" மூணையும் நம்மால மாத்தி எழுத முடியாது. மாத்த விடணும்னு கேட்டு பெப் 335னு (பெப்னா பைத்தானுக்கு எழுதுற ப்ரபோசல்) 2004ல ஒண்ணு வந்துச்சு, 2012ல ரிஜெக்ட் பண்ணிட்டாங்க.

இப்ப உங்க லைப்ரரில ஒருத்தர் டெலீட்டுக்கு அமௌண்ட் < 100 அண்ட் ஸ்டேட்டஸ் == "பெண்டிங்"னு எழுதுறாருன்னு வைங்க. மொத கண்டிஷன் வெறும் ஆப்ஜெக்ட், பைத்தானுக்கு அது ட்ரூ, அதனால "அண்ட்" ரெண்டாவத மட்டும் தூக்கி குடுத்துரும். எரர் கெரர் ஒண்ணும் வராது, பெண்டிங் ஆர்டர் மொத்தமும் காலி! அதனால கண்டிஷன் க்ளாஸ்ல டண்டர் பூல் (__bool__, ட்ரூவா ஃபால்ஸான்னு பைத்தான் கேக்கும்போது ஓடுறது) மெத்தட எழுதி அதுல டைப்எரர் ரெய்ஸ் பண்ணிடுங்க, எஸ்க்யூஎல்ஆல்கெமியும் > < மாதிரி கண்டிஷனுக்கு இதத்தான் பண்ணுது. 100 < அமௌண்ட் < 500னு எழுதுறவங்களும் இதுலயே மாட்டுவாங்க, ஏன்னா உள்ளுக்குள்ள அதுவும் "அண்ட்"தான். எரர் மெசேஜ்லயே "அண்டுக்கு பதிலா ஆம்பர்சண்ட் (&) போடுங்க, ரெண்டு கண்டிஷனுக்கும் தனித்தனியா ப்ராக்கெட் போடுங்க"ன்னு சொல்லிடுங்க, ஆம்பர்சண்ட நம்மால மாத்தி எழுத முடியும், ஆனா ப்ராக்கெட் இல்லன்னா ஆம்பர்சண்ட் கம்பேரிசனுக்கு முன்னாடியே ஒட்டிக்கும். பாக்க அசிங்கமாதான் இருக்கும், வேற வழியில்ல.

== நன் (None, வேல்யூவே இல்லன்னு அர்த்தம்)னு வந்தா ஈஸ் நல் (IS NULL)னு மாத்திருங்க, எஸ்க்யூஎல்ல ஈக்வல் நல் எந்த ரோவுக்கும் ட்ரூ ஆகாது.

விண்டோ ஃபங்ஷன் (பக்கத்து ரோக்களையும் பாத்து ஒவ்வொரு ரோவுக்கும் கணக்கு போடுறது) மாதிரி சமாச்சாரத்துக்கெல்லாம் புதுசா சிண்டாக்ஸ் கண்டுபுடிக்காதீங்க, நேரா எஸ்க்யூஎல் எழுத விட்ருங்க. பைத்தான் 3.14ல வந்த டி-ஸ்ட்ரிங்ல (நடுவுல வேல்யூ செருகி எழுதுற டெம்ப்ளேட் ஸ்ட்ரிங்) வேல்யூ தனியா கையில கிடைக்கும், அத பாராமீட்டரா அனுப்பிடலாம், எஃப்-ஸ்ட்ரிங்ல அது முடியாது, எல்லாம் ஒரே ஸ்ட்ரிங்கா கலந்து வரும், இஞ்செக்‌ஷனுக்கு (வேல்யூக்குள்ள எஸ்க்யூஎல்ல ஒளிச்சு அனுப்புற தாக்குதல்) வாசல் தொறந்து விட்ட மாதிரிதான்.